க்யூட் மேல் கட்டிய எங்கள் சொந்த ஃபிரேம்வொர்க்குக்கு ஆவணம் எழுத வேண்டும், எங்கே தொடங்குவது?

தறிமேடை கேட்டது:

வணக்கம். திருப்பூர் பக்கம் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். நிட்டிங் யூனிட், சாயப்பட்டறைகளுக்கு டெஸ்க்டாப் அப்ளிகேஷன் செய்து தருகிறோம். மெஷின் ஓட்டம் காட்டும் திரை, லாட் பதிவு, ரிப்போர்ட் பிரிண்ட், இந்த மாதிரி. எல்லாமே சி++, க்யூட் 6 (திரை கட்ட உதவும் லைப்ரரி), விட்ஜெட்ஸ் (பட்டன், பெட்டி மாதிரித் திரைப் பாகங்கள்). ஒவ்வொரு கஸ்டமருக்கும் முதலிலிருந்து எழுத முடியாது என்பதால் எங்கள் சீனியர் ஒருவர் பொதுவாக ஒரு ஃபிரேம்வொர்க் கட்டி வைத்திருக்கிறார். நகர்த்தி ஒட்டக்கூடிய பேனல்கள், ஃபார்ம் சரிபார்ப்பு, அன்டூ, சீரியல் போர்ட்டில் வருகிற அளவுகளைத் திரைக்குக் கொண்டுவரும் பகுதி என்று அறுபது சொச்சம் கிளாஸ் இருக்கும்.

அவர் அடுத்த மாதம் வேறு வேலைக்குப் போகிறார். ஆவணம் என் தலையில் விழுந்திருக்கிறது.

டாக்ஸிஜன் (கோடில் இருக்கும் காமென்ட்டிலிருந்து ஆவணப் பக்கம் எடுக்கும் கருவி) போட்டு எடுத்த எச்டிஎம்எல் ஏற்கெனவே இருக்கிறது. புதிதாகச் சேர்ந்தவர்கள் அதைத் திறப்பார்கள், 'செட்டைட்டில்: டைட்டிலை செட் செய்கிறது' என்று இருப்பதைப் பார்ப்பார்கள், மூடிவிட்டு நேராக சீனியர் சீட்டுக்குப் போவார்கள். டாக்ஸிஜனை விட்டுவிட்டு க்யூட்காரர்களே பயன்படுத்தும் க்யூடாக்குக்கு மாறினால் உருப்படுமா? அறுபது கிளாஸில் எதை முதலில் எழுதுவது? ஸ்கிரீன்ஷாட் போட்டால் ஒவ்வொரு வெர்ஷனுக்கும் திரும்ப எடுக்க வேண்டி வருமே, அதற்கு என்ன செய்கிறீர்கள்?

செமிகோலன் எழுதியது:

மாறாதீர்கள். க்யூடாக் என்பது க்யூட் நிறுவனம் தன் தேவைக்குச் செய்துகொண்ட கருவி. நன்றாகத்தான் இருக்கும், ஆனால் க்யூட் 5.11-இலிருந்து உள்ளே கிளாங் என்ற கம்பைலரை வைத்து கோடைப் படிக்கிறது. ஒரு இன்க்லூட் பாதை தப்பினால் பாதி கிளாஸ் காணாமல் போகும், நீங்கள் கான்ஃபிக் ஃபைலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பீர்கள். கியூஎம்எல் (திரையை விவரிக்க க்யூட்டில் இருக்கும் தனி மொழி) எழுதுகிறவர்கள் என்றால் வேறு பேச்சு. விட்ஜெட்ஸுக்கு டாக்ஸிஜன் தாராளமாகப் போதும். சிக்னல் (ஒன்று நடந்ததை அறிவிப்பது), ஸ்லாட் (அந்த அறிவிப்புக்கு ஓடும் ஃபங்ஷன்), பிராப்பர்ட்டி எல்லாவற்றையும் தனித்தனித் தலைப்பில் பிரித்துக் காட்டும்.

உங்கள் கான்ஃபிக் ஃபைலில் 'எக்ஸ்ட்ராக்ட்_ஆல்' யெஸ் என்று இருக்கிறதா, பாருங்கள்.

தறிமேடை எழுதியது:

இருக்கிறது. அதனால் என்ன?

செமிகோலன் எழுதியது:

அது யெஸ் என்று இருந்தால், ஆவணம் எழுதாமல் விட்ட ஃபங்ஷன்களையும் எழுதினதாகவே டாக்ஸிஜன் எடுத்துக்கொள்ளும். எச்சரிக்கை ஒன்றுகூட வராது. நோ போட்டு ஓட்டிப் பாருங்கள், உண்மை நிலவரம் தெரியும். அப்புறம் 'வார்ன்_ஆஸ்_எரர்' போட்டுவிட்டால் ஆவணம் இல்லாமல் புது ஃபங்ஷன் சேர்க்கிறவருக்கு பில்டே நிற்கும். முதல் நாளே இதைப் போட்டால் ஆபீஸில் அடி விழும், கொஞ்சம் எழுதி முடித்த பிறகு போடுங்கள்.

பழைய சிக்னல் எழுதியது:

செமிகோலன் சொன்னதோடு ஒத்துப்போகிறேன். நான் க்யூட் 3 காலத்திலிருந்து ஆய்வகக் கருவிகளுக்கு டெஸ்க்டாப் மென்பொருள் எழுதுகிறவன். கருவி பற்றிய சண்டை எனக்கு அலுத்துவிட்டது. உங்கள் இரண்டாவது கேள்விதான் கேள்வி.

கணக்குப் போடும் லைப்ரரிக்கு ஆவணம் எழுதுவது வேறு, திரை கட்டும் ஃபிரேம்வொர்க்குக்கு எழுதுவது வேறு. முதலாவதில் நாம் ஃபங்ஷனை அழைக்கிறோம், விடை வருகிறது, முடிந்தது. இரண்டாவதில் ஃபிரேம்வொர்க்தான் நம்மை அழைக்கிறது. அதனால் படிக்கிறவருக்கு வருகிற சந்தேகமே வேறு: இது எப்போது அழைக்கப்படும், எந்த த்ரெட்டில் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை ஓட்டங்களில் எதில்), இந்த ஆப்ஜெக்டை யார் அழிக்க வேண்டும். அகர வரிசையில் கிளாஸ் பட்டியல் போட்டால் இந்த மூன்றில் ஒன்றுக்கும் பதில் கிடைக்காது. எல்லாக் கிளாஸையும் ஒரே ஆழத்தில் எழுதப் பார்க்காதீர்கள். எந்தக் கிளாஸில் இந்த மூன்றும் குழப்பமோ அதில் தொடங்குங்கள்.

யார் அழிப்பது என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். க்யூட்டில் பேரன்ட் போனால் பிள்ளையும் போகும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் க்யூடேப்விட்ஜெட்டில் 'ரிமூவ்டேப்' அழைத்தால்? டேப் மறையும், உள்ளே இருந்த விட்ஜெட் அழியாது. க்யூட் ஆவணத்தில் அதற்கென்று ஒரு சின்ன வாக்கியம் இருக்கிறது. க்யூஸ்டாக்டுவிட்ஜெட்டில் 'ரிமூவ்விட்ஜெட்' போட்டாலும் அழியாது, அதற்கு மேல் பேரன்ட்டும் பழையபடியே இருக்கும் என்று தனிக் குறிப்பு உண்டு. க்யூஸ்க்ரோல்ஏரியாவில் நேர்மாறு: 'செட்விட்ஜெட்'டில் புதியதைக் கொடுத்ததும் பழையது அழிந்துபோகும். பார்க்க ஒரே மாதிரி வேலைகள்தான், நடத்தை ஒன்றல்ல. கோடைப் பார்த்து இதை யூகிக்க முடியாது. உங்கள் பேனல் கிளாஸில் சேர்க்கிற, எடுக்கிற ஃபங்ஷன் ஒவ்வொன்றுக்கும் இந்த ஒரு வாக்கியத்தை எழுதிவிட்டால், மற்றதெல்லாம் எழுதாவிட்டாலும் பாதி கிராஷ் குறையும்.

அடுத்தது சிக்னல். க்யூலைன்எடிட்டில் 'டெக்ஸ்ட்சேஞ்ச்ட்' என்று ஒன்று, 'டெக்ஸ்ட்எடிட்டட்' என்று ஒன்று. முதலாவது எப்படி மாறினாலும் வரும். இரண்டாவது பயனர் மாற்றினால் மட்டும் வரும், கோடில் 'செட்டெக்ஸ்ட்' போட்டால் வராது. உங்கள் ஃபார்மில் டேட்டாபேஸிலிருந்து லாட் எண்ணை ஏற்றும்போது 'மாறிவிட்டது' என்ற கொடி ஏறினால் என்ன ஆகும்? சூப்பர்வைசர் ஒன்றையும் தொடாமல் மூடப் போவார், 'சேமிக்கவா?' என்று கேட்கும். பட்டனிலும் இதே கதை. 'செட்செக்ட்' போட்டால் 'டாகிள்ட்' வரும், 'க்ளிக்ட்' வராது. ஸ்பின்பாக்ஸில் 150 என்று தட்டினால் 1, 15, 150 என்று மூன்று முறை 'வேல்யூசேஞ்ச்ட்' வரும், கீபோர்டு டிராக்கிங்கை அணைத்தால் ஒழிய. சாய மெஷினுக்கு வெப்பநிலையை அப்படி அனுப்பினால் நன்றாக இருக்காது, இல்லையா? ஆகவே உங்கள் ஃபிரேம்வொர்க்கின் ஒவ்வொரு சிக்னலுக்கும் எப்போது வரும் என்பதோடு எப்போது வராது என்பதையும் எழுதுங்கள். இரண்டாவதுதான் முக்கியம்.

த்ரெட் விஷயத்தில் க்யூட்காரர்களே பட்டிருக்கிறார்கள். 4.4 வெர்ஷனிலிருந்து க்யூத்ரெட்டின் 'ரன்' தானாகவே ஈவென்ட் லூப்பை (வருகிற நிகழ்வுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கவனிக்கும் சுற்று) ஓட்டும், அதை சப்கிளாஸ் செய்தே ஆக வேண்டும் என்றில்லை. ஆனால் ஆவணத்தில் இருந்த உதாரணம் பழைய சப்கிளாஸ் முறையிலேயே தங்கிவிட்டது. படித்தவர்கள் எல்லாரும் த்ரெட் கிளாஸுக்குள்ளேயே ஸ்லாட் எழுதினார்கள். அந்த ஸ்லாட் புது த்ரெட்டில் ஓடாது, த்ரெட் ஆப்ஜெக்ட் உருவான பழைய த்ரெட்டில்தான் ஓடும். நீங்கள் செய்வது தவறு என்று க்யூட் குழுவிலிருந்தே 2010-இல் ஒருவர் எழுத வேண்டி வந்தது. பிறகு வேலையைத் தனி ஆப்ஜெக்டில் வைத்து 'மூவ்டுத்ரெட்' செய்யும் உதாரணம் ஆவணத்துக்குள் வந்தது. விளக்க உரையை யாரும் படிப்பதில்லை, உதாரணத்தைத்தான் காப்பி செய்கிறார்கள். உங்கள் சீரியல் போர்ட் பகுதிக்கு உதாரணம் எழுதும்போது, அது அப்படியே நூறு இடத்தில் ஒட்டப்படும் என்று நினைத்துக்கொண்டு எழுதுங்கள்.

அந்த உதாரணத்தை காமென்ட்டுக்குள் கையால் தட்டாதீர்கள். தனி ஃபைலில் ஓடும் நிரலாக வையுங்கள், வேண்டிய பகுதியைச் சுற்றி அடையாளக் குறி போடுங்கள், ஆவணத்திலிருந்து 'ஸ்னிப்பெட்' கட்டளையால் இழுங்கள். டாக்ஸிஜன், க்யூடாக் இரண்டிலும் இந்தக் கட்டளை உண்டு. அந்த ஃபைல்களையும் பில்டில் சேர்த்துவிட்டால் ஏபிஐ (வெளியே இருந்து அழைக்கும் ஃபங்ஷன்கள்) மாறினதும் உதாரணம் உடையும், அன்றைக்கே தெரிந்துவிடும்.

எதை முதலில் எழுதுவது என்பதற்குக் குறுக்குவழி ஒன்று இருக்கிறது. சீனியரை உட்கார வைத்து எழுதச் சொல்லாதீர்கள், போகிற ஆள் மனசு வைத்து எழுத மாட்டார். அவர் சீட்டுக்கு யார் யார் வந்து என்ன கேட்கிறார்கள் என்று இந்த மாதம் முழுக்கக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆவணத்தின் பொருளடக்கம் அதுதான்.

உளுந்துவடை எழுதியது:

இவ்வளவு எழுத யாருக்கு நேரம்? நான் ஒரு மாதிரி அப்ளிகேஷன் கொடுத்துவிடுவேன், அவ்வளவுதான். பசங்கள் அதைப் பார்த்து எழுதிக்கொள்வார்கள். ஆவணம் ஆறு மாதத்தில் பொய்யாகிவிடும், கோடு பொய் சொல்லாது.

பழைய சிக்னல் எழுதியது:

மாதிரி அப்ளிகேஷன் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லையே. க்யூட்டின் பழைய பாடத்தில் 14 படிகள் இருந்தன. முதல் படியில் ஹலோ வேர்ல்ட், கடைசிப் படியில் பீரங்கியால் சுடும் ஒரு விளையாட்டு. ஒவ்வொரு படியும் ஓடும், முந்தைய படிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று விளக்கம் இருக்கும். அப்படிக் கொடுத்தால் நானே கைதட்டுவேன். ஆறாயிரம் வரியில் ஒரே மாதிரியைக் கொடுத்தால் புதியவருக்கு எது அவசியம், எது அந்தக் கஸ்டமருக்காகச் செய்த ஒட்டுவேலை என்று எப்படித் தெரியும்?

'கோடு பொய் சொல்லாது' என்பதும் பாதிதான். 'ரிமூவ்டேப்' அழைத்துவிட்டு அந்த விட்ஜெட்டை மறந்துபோன மாதிரி கோடு நன்றாக ஓடும். மெமரி மெதுவாக ஏறும். இரண்டு ஷிஃப்ட் ஓடுகிற மெஷின் திரையில்தான் அது வெளியே வரும்.

கோப்பை தேநீர் எழுதியது:

ஸ்கிரீன்ஷாட் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. கையால் எடுக்கவே எடுக்காதீர்கள். எந்த விட்ஜெட்டுக்கும் 'க்ராப்' என்ற ஃபங்ஷன் இருக்கிறது, க்யூபிக்ஸ்மேப் என்ற படமாகக் கொடுக்கும், சேமித்துக்கொள்ளலாம். மேலே சொன்ன உதாரண நிரல்களையே பில்டு சர்வரில் ஆஃப்ஸ்கிரீன் பிளாட்ஃபார்மில் ஓட்டி படத்தை எடுத்து ஆவண ஃபோல்டரில் போட்டுவிடுங்கள். மானிட்டர் தேவையில்லை. உங்கள் லேபிள்கள் தமிழில் இருந்தால் சர்வரில் தமிழ் ஃபான்ட் நிறுவியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இல்லாவிட்டால் வரிசையாகக் கட்டம்தான் வரும்.

இன்னொன்று. டாக்ஸிஜனில் 'ஜெனரேட்_கியூஎச்பி' போட்டால் க்யூட் அசிஸ்டன்டுக்கு (க்யூட்டின் உதவிப் பக்கங்களைக் காட்டும் நிரல்) வேண்டிய கியூசிஎச் ஃபைல் எடுக்கலாம். அதை கோடு எழுதும் க்யூட் கிரியேட்டரில் உதவிப் பகுதியில் சேர்த்துவிட்டால், கிளாஸ் பெயர் மேல் கர்சரை வைத்து எஃப்1 அழுத்தினால் உங்கள் பக்கம் அங்கேயே திறக்கும். பிரவுசரில் தனியாக எச்டிஎம்எல் திறக்கச் சொன்னால் யாரும் திறக்க மாட்டார்கள். க்யூட்டோடு வருகிற டேக் ஃபைல்களை (எந்தப் பெயருக்கு எந்தப் பக்கம் என்ற பட்டியல்) 'டேக்ஃபைல்ஸ்' வரியில் கொடுத்தால் க்யூவிட்ஜெட் மாதிரிப் பெயர்கள் எல்லாம் க்யூட் தளத்துக்கு லிங்க் ஆகிவிடும்.

பைத்தான் பக்கம் போகும் எண்ணம் இருந்தால் ஒரு எச்சரிக்கை: பைசைட் (க்யூட்டை பைத்தானில் பயன்படுத்த வைப்பது) ஆவணத்தில் பல உதாரணங்கள் சி++ இலிருந்து தானாக மொழிமாற்றப்பட்டவை. தவறு இருக்கலாம் என்று அந்தப் பக்கத்திலேயே போட்டிருக்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு எடுக்காதீர்கள்.

தறிமேடை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. எக்ஸ்ட்ராக்ட்_ஆல் நோ போட்டேன், டெர்மினல் நிற்காமல் ஓடியது. சீனியரே எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

அவரோடு உட்கார்ந்து பேனலில் தொடங்கினோம். ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டோம். பேனலை மூடும் ஃபங்ஷன் மூன்று பூலியன் வாங்குகிறது: சேமிக்கவா, கேட்கவா, அழிக்கவா. ட்ரூ ஃபால்ஸ் ட்ரூ என்றால் என்ன நடக்கும் என்று எழுதப் போனால் எட்டு வரி அட்டவணை ஆகிறது. அதில் இரண்டு சேர்க்கைக்கு என்ன ஆகும் என்று கட்டினவருக்கே நிச்சயமில்லை. இதை எப்படி ஆவணப்படுத்துவது?

பழைய சிக்னல் எழுதியது:

ஆவணப்படுத்தாதீர்கள், ஃபங்ஷனை மாற்றுங்கள். க்யூட் 3-இல் க்யூஸ்லைடர் கன்ஸ்ட்ரக்டர் ஒன்று குறைந்த அளவு, கூடிய அளவு, பக்கப் படி, இப்போதைய மதிப்பு என்று வரிசையாக நான்கு எண்கள் வாங்கும். எது எது என்று ஒவ்வொரு முறையும் ஆவணத்தைத் திறந்துதான் பார்க்க வேண்டும். க்யூட் 4-இல் திசையை மட்டும் வாங்கிக்கொண்டு மற்றதைத் தனித்தனி ஃபங்ஷனாகப் பிரித்துவிட்டார்கள்.

உங்களுக்கு ஒரு 'enum' (பெயர் வைத்த தேர்வுகளின் பட்டியல்) போதும்: சேமித்து மூடு, கேட்டுவிட்டு மூடு, சேமிக்காமல் மூடு. அழிப்பதை இதில் கலக்காதீர்கள், அது தனி ஃபங்ஷன். பழையதை உடனே தூக்கிவிட வேண்டாம், கஸ்டமர் கோடு எங்கெங்கே அழைக்கிறதோ. 'டெப்ரிகேட்டட்' (இனிப் பயன்படுத்த வேண்டாம்) என்று குறித்து, பதிலுக்கு எதை அழைக்க வேண்டும் என்று அந்தக் குறிப்பிலேயே எழுதுங்கள், கம்பைலரே ஒவ்வொரு இடமாகக் காட்டிக்கொடுக்கும். சந்தேகமான அந்த இரண்டு சேர்க்கையையும் யாராவது எங்காவது அழைக்கிறார்களா என்று இப்போதே தேடிப் பாருங்கள். அழைத்திருந்தால், சீனியர் போவதற்குள் அந்தக் கஸ்டமர் ஃபைலை அவரோடு உட்கார்ந்து திறந்துவிடுங்கள்.