இலை பறிக்கும் அம்மாவுக்குக் கை மரத்துப் போகுது, குளிர்தான் காரணமா?

கோத்தகிரி மகன்:
அம்மாவுக்கு 52 வயது. கல்யாணமாகி வந்ததிலிருந்து தேயிலைத் தோட்டத்தில் இலை பறிக்கிறார், இப்போது கையால் இல்லை, கத்தரியால் வெட்டுகிறார். ராத்திரியில் வலது கை மரத்துப்போய் எழுந்து உட்கார்ந்து உதறுகிறார், உதறினால் கொஞ்சம் தேவலை. இடது தோளும் மேலே தூக்க வரவில்லை. சுகருக்கு மாத்திரை சாப்பிடுகிறார். பிசியோதெரபிக்குப் போனால் சுகர் ரிப்போர்ட், தைராய்டு ரிப்போர்ட் எல்லாம் கேட்கிறார்கள். கை வலிக்கு இதெல்லாம் எதற்கு? ஊரில் எல்லோரும் குளிர் என்கிறார்கள்.

குன்னூர் பிசியோ:
ரிப்போர்ட் கேட்டவர் சரியாகத்தான் கேட்டிருக்கிறார். குளிரில் வலி கூடலாம், ஆனால் ராத்திரி மரத்து, உதறினால் குறைகிறது என்றால் முதலில் மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிறதா என்றுதான் பார்ப்போம். சுண்டுவிரலை விட்டுவிட்டு மற்ற விரல்கள் மட்டும் மரக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். நாள் முழுக்கக் கத்தரியை இறுக்கிப் பிடிப்பது, சுகர், தைராய்டு குறைவு மூன்றுமே இதற்குக் காரணமாகும், பெண்களுக்கு அதிகம் வரும். தோள் இறுகுவதும் சுகர்காரர்களுக்குச் சகஜம். சுகரைக் கட்டுக்குள் கொண்டுவராமல் தோளுக்கு மட்டும் பயிற்சி கொடுத்தால் இழுத்துக்கொண்டே போகும். மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரையைப் பல வருஷமாகச் சாப்பிடுகிறார் என்றால் வைட்டமின் பி12 அளவையும் பார்த்துவிடுங்கள், அது குறைந்தாலும் கால், கை மரக்கும்.

ஊட்டி அக்கா:
தம்பி, ஒன்று சொல்கிறேன், சுடுதண்ணீர் பையும் கரி அடுப்பும் ஜாக்கிரதை. எங்க மாமியாருக்கு சுகரால் பாதத்தில் உணர்ச்சியே இல்லை, குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று பையை வைத்துக்கொண்டே தூங்கிவிட்டார், கொப்புளம் வந்தது காலையில்தான் தெரிந்தது. புண் ஆற மாசக்கணக்கானது.

கோத்தகிரி மகன்:
ஐயோ, இங்கேயும் தினமும் அதேதான் நடக்கிறது அக்கா. சார், விரலைக் கேட்டேன், சுண்டுவிரல் மரப்பதில்லையாம். வேலையை விடச் சொன்னால் கேட்க மாட்டார், கூலி போய்விடும்.

குன்னூர் பிசியோ:
விட வேண்டாம். ராத்திரி மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டை போடட்டும், இடையிடையே கத்தரியை வைத்துவிட்டு விரல்களை விரித்து மடக்கட்டும், கத்தரியைச் சாணை பிடித்தே வைத்திருங்கள், மழுங்கினால் பிடி இறுகும். கட்டைவிரல் அடிச்சதை வற்றினாலோ பொருள் கைநழுவி விழுந்தாலோ தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டி நரம்புப் பரிசோதனை செய்துவிடுங்கள். ஆனால் திடீரென்று ஒரு பக்கக் கையும் காலும் சேர்ந்து தளர்ந்தாலோ வாய் கோணினாலோ அது வேறு கதை, பக்கவாதம். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கணக்கு, மலைப்பாதையில் பாதி நேரம் போய்விடும், விடியட்டும் என்று உட்காராமல் 108ஐக் கூப்பிடுங்கள்.