பேர் மறந்துபோன சின்ன வயசு புத்தகம்: நாலு கலர் பந்து, ரயில் பயணம், தொலைஞ்சுபோன கடுதாசி. யாருக்காவது தெரியுமா?

காகிதக்கப்பல்:
எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப வருஷமா மண்டைக்குள்ள சுத்திட்டே இருக்கற ஒரு புத்தகம். பேரும் தெரியல, எழுதினவர் யாருன்னும் தெரியல. எண்பதுகள்ல லீவுக்கு சொந்தக்காரங்க வீட்டுக்குப் போகும்போதெல்லாம் பரண்ல இருந்து எடுத்துப் படிப்பேன். தமிழ்ப் புத்தகம்தான், ஆனா கதை நடக்கறது எங்கயோ வெளிநாட்டுல.

ஞாபகம் இருக்கறதை அப்படியே சொல்றேன். ஒரு பையன்கிட்ட அழகான பெரிய பந்து இருக்கும், நாலு கலர்ல. அதை ரோட்டுல ஓடற காருக்கு அடியில வேணும்னே போடுவான், பந்து டப்புனு வெடிச்சுடும். அந்தப் பையனுக்கு பெரியவனானா நாயா ஆகணும்னு ஆசை, அதுக்காக காலால காதை சொறிஞ்சு பழகுவான் (இதை நானும் எங்க அண்ணனும் செஞ்சு பாத்திருக்கோம், வரவே வராது). அப்புறம் அந்தப் பையனும் அவன் தம்பியும் அம்மாவும் ரயில்ல ரொம்ப தூரம் போவாங்க அப்பாவைப் பாக்க, கிளம்பறதுக்கு முன்னாடி அப்பாகிட்ட இருந்து வந்த கடுதாசி இவங்க ரெண்டு பேர் சண்டையில கிணத்துல விழுந்துடும், அதை அம்மாகிட்ட சொல்லாமலே மறைச்சுடுவாங்க, கடைசில அங்க போய்ச் சேர்ந்தா வீட்டுல ஒருத்தருமே இருக்க மாட்டாங்க. அந்த இடத்துல எனக்கு வயித்தைக் கலக்கும், அடுத்த பக்கம் திருப்பவே பயமா இருக்கும்.

அட்டை பச்சைன்னு நினைக்கிறேன். உள்ள கோட்டுப் படங்கள். நெட்ல "நாலு கலர் பந்து கதை"ன்னு தேடினா விளையாட்டு சாமான்தான் வருது. அண்ணன் என்னடான்னா இப்படி ஒரு புத்தகமே கிடையாது, நீயா கட்டின கதைங்கறான். தெரிஞ்சவங்க தயவுசெஞ்சு சொல்லுங்க.

பழுப்புத்தாள்:
பந்தும் நாயும் படிச்ச உடனே கை பரபரன்னு ஆயிடுச்சு! அது "அப்பா சிறுவனாக இருந்தபோது", எழுதினவர் அலெக்சாந்தர் ரஸ்கின், சோவியத் எழுத்தாளர். தன்னோட மகளுக்கு உடம்பு சரியில்லாதப்போ, நானும் உன்னைப் போல குட்டிப் பையனா இருந்தப்போ என்ன ஆச்சு தெரியுமான்னு சொல்ல ஆரம்பிச்ச கதைங்கதான் பின்னாடி புத்தகமா வந்துச்சு. ஒவ்வொண்ணும் தனித்தனி சின்னக் கதை. அந்த நாய் விஷயம் எந்த வேலைக்குப் போறதுன்னு யோசிக்கற கதையில வருது. முதல்ல ராத்திரி காவல்காரர் ஆகணும்பான், அப்புறம் ஐஸ்கிரீம் விக்கறவர், அப்புறம் ரயில் பெட்டிகளைக் கோக்கறவர், விமானி, நடிகர்னு போய் கடைசில நாய்ல வந்து நிக்கும். அப்போ அந்தப் பக்கம் வர்ற ஒரு ராணுவக்காரர் அவன்கிட்ட ஒண்ணு கேப்பார் பாருங்க, அதை இங்க சொல்ல மாட்டேன், நீங்களே திரும்பப் படிங்க.

ஆனா ரயில், கடுதாசி எல்லாம் இந்தப் புத்தகத்துல கிடையாது தோழர். அது வேற புத்தகமாத்தான் இருக்கணும், ரெண்டும் உங்க மனசுல ஒட்டிக்கிட்டிருக்கு.

மூணாவதுஅலமாரி:
பழுப்புத்தாள் சொன்னது சரி, இது ரெண்டு புத்தகம். ரயில் கதை அர்க்காதி கைதார் எழுதின சுக், கெக் கதை. 1939ல ரஷ்ய மொழில வந்தது. சுக், கெக்னு அண்ணன் தம்பி, மாஸ்கோவுல அம்மாவோட இருப்பாங்க, அப்பா தூரத்துல காட்டுப் பக்கம் நிலவியல் ஆராய்ச்சிக் குழுவோட. தொலைஞ்சது கடுதாசி இல்ல, தந்தி. அதை ஒரு தகர டப்பாவுல போட்டு வைப்பாங்க, சண்டையில டப்பா ஜன்னல் வழியா வெளிய பறந்து பனியில விழுந்து காணாமப்போயிடும். அந்தத் தந்தியில இருந்ததே இப்போ கிளம்பாதீங்க, ரெண்டு வாரம் கழிச்சு வாங்கங்கறதுதான். அதனாலதான் போய்ச் சேர்ந்தப்போ அங்க காவல்காரரைத் தவிர யாரும் இல்ல. உங்களுக்கு வயித்தைக் கலக்குச்சுன்னு சொன்னீங்களே, சரியான இடம். தந்தி தொலைஞ்சது படிக்கற நமக்குத் தெரியும், அந்தப் பசங்களுக்கும் தெரியும், அம்மாவுக்கு மட்டும் தெரியாது. அவ்வளவு சின்னக் கதைல அந்தப் பதைப்பைக் கொண்டுவந்துட்டார் பாருங்க, கைதார் பெரிய ஆளு.

இன்னொண்ணு சொல்லணும். பனி உங்க ஞாபகத்துல கிணறா மாறிடுச்சு, தந்தி கடுதாசியாச்சு. இது உங்களுக்கு மட்டும் நடக்கறது இல்ல. பார்ட்லெட்னு ஒரு பிரிட்டிஷ் உளவியலாளர் 1932ல எழுதின புத்தகத்துல இதைத்தான் காட்டியிருப்பார். கேம்பிரிட்ஜ்ல ஆளுங்களுக்கு ஒரு அமெரிக்கப் பழங்குடிக் கதையைப் படிக்கக் குடுத்து, கொஞ்ச நாள் விட்டு விட்டு திரும்பச் சொல்லச் சொன்னார். கதையில சீல் வேட்டைன்னு இருந்தது மீன் பிடிக்கறதா மாறிடுச்சு, அவங்க ஊர் மரத்தோணி சாதாரணப் படகாயிடுச்சு. பழக்கமில்லாதது கழண்டு விழுந்து, நமக்குத் தெரிஞ்சது அந்த இடத்துல வந்து உக்காந்துக்கும். அதனால தேடும்போது சாதாரணமா தோணற விவரத்தை நம்பாதீங்க, கடுதாசி, கிணறு, பச்சை அட்டை இதெல்லாம் பின்னாடி நுழைஞ்சதா இருக்கலாம். நாய் மாதிரி காதைச் சொறியறது மாதிரி கிறுக்குத்தனமான ஒண்ணு இருக்கு பாருங்க, அதை யாரும் கற்பனை பண்ணி ஒட்டவைக்க மாட்டாங்க, அதைப் பிடிச்சுக்கிட்டு தேடுங்க.

எழுத்தச்சு:
காகிதக்கப்பல் அண்ணா, கதையை விடுங்க, புத்தகத்தோட உடம்பைப் பத்தி கொஞ்சம் கேக்கறேன். கடைசிப் பக்கத்துல "வாசகர்களுக்கு"ன்னு ஒரு குறிப்பு, இந்தப் புத்தகத்தைப் பத்தி உங்க கருத்தை எழுதுங்கன்னு மாஸ்கோ, சுபோவ்ஸ்கி புல்வார், 17ன்னு முகவரி போட்டிருந்துச்சா? சோவியத் புத்தகங்களைத் தமிழ்ல போட்ட முன்னேற்றப் பதிப்பகம் புத்தகங்கள்ல அது இருக்கும். 1982ல கதை, குழந்தைகள் புத்தகம் எல்லாம் தனியாப் பிரிஞ்சு ராதுகா பதிப்பகம்னு ஆச்சு, அதனால ராதுகான்னு பாத்த ஞாபகம் இருந்தா அந்த வருஷத்துக்கு அப்புறம் வந்த பதிப்பு. பின்னாடி பொடி எழுத்துல ரஷ்ய மொழிலயும் புத்தகத்தோட பேர், எழுதினவர் பேர் அச்சடிச்சிருப்பாங்க. கிழிஞ்சுபோன பிரதி கையில இருந்தாக்கூட அந்த ஒரு பக்கம் தப்பிச்சிருந்தா போதும், மூலம் எதுன்னு பிடிச்சுடலாம்.

ரெண்டாவது கேள்வி, எழுத்து எப்படி இருந்துச்சு? ணை, லை, ளை, னை இதுக்கெல்லாம் இப்போ இருக்கற மாதிரி முன்னாடி இணைக்கொம்பு போட்டிருந்துச்சா, இல்ல எழுத்துக்கு மேல யானைத் தும்பிக்கை மாதிரி சுழி இருந்துச்சா? ணா, றா, னா கூட பழசுல வளைஞ்சு ஒட்டிக்கிட்டு வரும். தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போட்டது 1978ல. தும்பிக்கை இருந்தா பெரும்பாலும் அதுக்கு முன்னாடி கோத்த அச்சு. கதையே மறந்துபோனவங்களுக்குக்கூட இந்த எழுத்து கண்ணுல நிக்கும், ஏன்னா எழுத்துக்கூட்டிப் படிக்கற வயசுல அது தடுக்கியிருக்கும்.

காகிதக்கப்பல்:
ஐயோ நண்பர்களே, எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. ராத்திரி தூங்கவே இல்ல.

எழுத்தச்சு, நீங்க தும்பிக்கைன்னு சொன்னதும் பளிச்சுனு வந்துடுச்சு. ரயில் கதையிலதான் அந்த எழுத்து! "பனி இல்லை"ன்னோ என்னவோ ஒரு வரியில அந்த லை-யைப் பாத்துட்டு இது என்ன எழுத்துன்னு பெரியம்மாகிட்ட கேட்டேன், அவங்க விரலால மேசைமேல சுழிச்சுக் காட்டினாங்க. பந்து கதையில அப்படி இல்ல, ஸ்கூல் புத்தகம் மாதிரி சாதாரணமாத்தான் இருந்துச்சு, அதனாலதான் தானாவே படிக்க முடிஞ்சுது. அப்போ நிச்சயமா ரெண்டு புத்தகம். மாஸ்கோ முகவரியும் ஞாபகம் இருக்கு, லெட்டர் போட்டா பதில் வருமான்னு அண்ணன்கிட்ட கேட்டேன்.

ஏன் ஒட்டிக்கிச்சுன்னும் இப்போ புரியுது. ஒண்ணுல அந்தப் பையனுக்குப் பேரே கிடையாது, கதை முழுக்க "அப்பா" "அப்பா"ன்னுதான் வரும், இன்னொண்ணுல அப்பாவைத் தேடிப் போறாங்க. ரெண்டையும் சேத்து ஒரே குடும்பமாக்கி வச்சிருக்கேன் இவ்வளவு நாளா. அண்ணனுக்கு இந்த லிங்க்கை அனுப்பிட்டேன், நாய் கதை வரைக்கும் ஒத்துக்கிட்டான், மத்தது படிச்சாத்தான் நம்புவேங்கறான்.

இப்போ எங்க கிடைக்கும்?

பழுப்புத்தாள்:
ரஸ்கின் புத்தகம் தமிழ்ல மறுபதிப்பு வந்திருக்கு, குழந்தைகள் புத்தகம் போடற பதிப்பாளர்கள்கிட்ட கேளுங்க. பழைய மாஸ்கோ பதிப்புதான் வேணும்னா ஆர்க்கைவ் (archive.org) தளத்துல ஸ்கேன் தேடுங்க, சோவியத் தமிழ்ப் புத்தகங்களை ஆர்வலர்கள் நிறைய ஏத்தி வச்சிருக்காங்க, அவங்களுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட மின்நூலகமும் பாருங்க. ஒரே விஷயம், ரஷ்யப் பேரை தமிழ்ல ஆளாளுக்கு ஒவ்வொரு மாதிரி எழுதியிருப்பாங்க. கைதார், கெய்தார், கய்தார், ரஸ்கின், ராஸ்கின், சுக், சூக், கெக், கேக் எல்லாத்தையும் போட்டுப் பாத்துட்டுத்தான் இல்லன்னு முடிவு பண்ணணும்.

தேன்சிட்டு:
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும், எனக்கும் ஒண்ணு இருக்கு. ஒரு தீவு, அங்க கல்லாப்போன சிங்கங்க, ராஜகுமாரன் கையில மூணு மோதிரம், ஒவ்வொரு மோதிரத்தைக் கழட்டும்போதும் ஒரு சிங்கம் உயிரோட வரும். தடிமனான புத்தகம், முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் கிடையாது. இதை எந்த லைப்ரரி பட்டியல்லயும் கண்டுபிடிக்க முடியல.

மூணாவதுஅலமாரி:
தேன்சிட்டு அக்கா, அது புத்தகம்தானா? பக்கத்தோட கடைசில "தொடரும்"னு இருந்துச்சா, கதைக்கு நடுவுல விளம்பரமோ வேற கதையோட முடிவோ வந்துச்சா? அப்படி இருந்தா அது பத்திரிகைத் தொடரைக் கிழிச்சு பைண்டு பண்ணினது. வீட்டுல யாராவது வாராவாரம் மாசாமாசம் சேத்து வச்சு தச்சிருப்பாங்க. அந்த மாதிரி தொகுப்புக்கு அட்டையில பேரே இருக்காது, இருந்தாலும் வீட்டுக்காரங்க கையால எழுதின பேராத்தான் இருக்கும், அதனாலதான் பட்டியல்ல கிடைக்காது. ராஜகுமாரன், தீவு, மாயம்னா முதல்ல அம்புலிமாமா தொடர்களைப் பாருங்க, 1947 ஜூலையில இருந்து வந்த பத்திரிகை, பழைய இதழ்கள் நிறைய ஸ்கேனா இருக்கு. எந்த வருஷம்னு குறுக்கிக்கிட்டா நல்லது. எழுத்தச்சு கேட்ட அதே கேள்விதான், அதுல தும்பிக்கை லை இருந்துச்சா?

தேன்சிட்டு:
விளம்பரம் இருந்துச்சு! ஒரு பக்கத்துல பாதி கிழிஞ்ச பல்பொடி விளம்பரம், அதுல சிரிக்கற குழந்தை. புத்தகத்துல எதுக்கு இதுன்னு அப்பவே தோணிருக்கு. எழுத்து தும்பிக்கைதான், அது நல்லாவே தெரியும். அப்போ 78க்கு முந்தின இதழ்களை ஒவ்வொண்ணா புரட்டறேன்.

எழுத்தச்சு:
சிங்கம் வர்ற படத்துல ஓவியரோட கையெழுத்து மூலையில எங்கயாவது இருந்ததா யோசிங்க அக்கா. படம் ஞாபகம் வந்தா இங்க விவரிச்சுப் போடுங்க, பழைய இதழ் வச்சிருக்கற ரெண்டு மூணு பேர் இந்தக் குழுவுல இருக்காங்க, அவங்களையும் கூப்பிடறேன்.

காகிதக்கப்பல்:
பந்து கதை ஸ்கேன் கிடைச்சுடுச்சு, பழுப்புத்தாள்! அட்டை பச்சை இல்ல. ரயில் கதை இன்னும் தேடிட்டு இருக்கேன், கேக்னு போட்டா சமையல் குறிப்பா வருது, அதனால கைதார்னு எழுதினவர் பேரை வச்சே போறேன். யார்கிட்டயாவது அந்தத் தும்பிக்கை எழுத்துப் பதிப்பு இருந்தா, முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் மட்டும் போட்டோ எடுத்துப் போடுங்க, வருஷத்தைப் பாக்கணும்.