புதுப்பிப்பு: தங்கையின் ரணஜன்னி (டெட்டனஸ்) ஊசிக் கேள்வி

தங்கை மறுபடி கர்ப்பம், மூத்தவனுக்கு இரண்டு வயதுகூட ஆகவில்லை, ரணஜன்னி ஊசி இரண்டையும் திரும்பப் போட வேண்டுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி.

வேண்டாமாம். போன கர்ப்பத்தில் இரண்டு டோஸும் போட்டு, மூன்று வருடத்துக்குள் அடுத்தது என்றால் ஒரு பூஸ்டர் போதும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் டிடி (Td, ரணஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்கும் சேர்த்துப் போடுவது) ஊசி இலவசமாகவே போட்டார்கள். கை கொஞ்சம் வலித்தது, அவ்வளவுதான்.

கக்குவான் இருமல் விஷயம்தான் எனக்குப் புதுசு. அதற்கான டிடேப் ஊசியை 27 முதல் 36 வாரத்துக்குள், ஒவ்வொரு கர்ப்பத்திலும் போடச் சொல்கிறார்கள். குழந்தைக்கு முதல் பென்டா ஊசியே (கக்குவான் இருமல் உட்பட ஐந்து நோய்களுக்கானது) 6 வாரத்தில்தான். அதுவரை நஞ்சுக்கொடி வழியாக அம்மாவிடமிருந்து போகிற எதிர்ப்புச் சக்திதான் காவல். டிடி போட்டிருந்தாலும் இதையும் போடலாம் என்றார் டாக்டர். இதற்குத் தனியாரில் காசு கொடுக்க வேண்டும்.

"நாங்கள்லாம் எந்த ஊசி போட்டோம்?" என்று அவள் மாமியார் ஆரம்பித்தார். பச்சைக் குழந்தைகளுக்கு வரும் ரணஜன்னி இந்தியாவில் ஒழிந்ததாக அறிவித்ததே 2015இல்தான், அத்தை! வாய்விட்டுச் சொல்லவில்லை. ஃப்ளூ ஊசி பற்றி அடுத்த செக்கப்பில் கேட்கிறோம்.