பெரிய கேம், பெரிய இன்ஜெக்டர்: சூடேறிய பின் ஐட்லிங் நிலைகொள்ளாமல் அலைபாய்கிறது

இரண்டாம்கியர் (கேள்வி):

என்னுடையது நான்கு சிலிண்டர் கொண்ட 2.0 லிட்டர் டர்போ பெட்ரோல் என்ஜின். வால்வுகளை நீண்ட நேரம் திறந்து வைக்கும் 272 பாகை கேம் ஷாஃப்ட்டுகள், நிமிடத்திற்கு 1000 சிசி பாய்ச்சும் இன்ஜெக்டர்கள், எடை குறைந்த ஃப்ளைவீல், காற்றை வெளியே விடும் ப்ளோ-ஆஃப் வால்வு ஆகியவற்றைப் பொருத்தி, என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான கம்பெனி இசியுவுக்குப் பதிலாகத் தனி இசியு போட்டிருக்கிறேன். உள்ளே போகும் காற்றை அளக்கும் மாஃப் சென்சார் கிடையாது. த்ராட்டிலுக்குப் பின்னால் உள்ள காற்றுப் பாதையான இன்டேக் மேனிஃபோல்டின் அழுத்தத்தையும் காற்றின் வெப்பநிலையையும் வைத்தே இசியு எரிபொருளைக் கணக்கிடுகிறது.

3000 ஆர்பிஎம்முக்கு மேல் வண்டியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் என்ஜின் சூடேறியதும் ஐட்லிங் 700க்கும் 1500க்கும் இடையே ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. ரேடியேட்டர் ஃபேன் ஓடத் தொடங்கும் கணத்தில் என்ஜின் அணைந்துவிடும் போலத் தடுமாறுகிறது. நிறுத்தத்தை நெருங்கும்போது கிளட்சை மிதித்தால் சில வேளைகளில் அணைந்தே போகிறது. காற்று-பெட்ரோல் விகிதத்தைச் சொல்லும் வைட்பேண்ட் மீட்டர் 15.5 என்று காட்டுகிறது (எண் கூடினால் பெட்ரோல் குறைவு என்று பொருள்). ஆனால் வண்டிக்குப் பின்னால் நின்றால் கண் எரியும் அளவுக்குப் பெட்ரோல் நெடி அடிக்கிறது. எரிபொருளைக் கூட்டினால் மீட்டரின் எண் இறங்குவதில்லை, நெடிதான் கூடுகிறது. இதை ட்யூனிங்கில் சரிசெய்ய முடியுமா, அல்லது இந்தக் கேம்களுடன் இப்படித்தான் வாழ வேண்டுமா?

திறந்தத்ராட்டில்:

உங்கள் கேள்வியிலேயே விடையின் பாதி இருக்கிறது. மீட்டர் எரிபொருள் குறைவு என்கிறது, மூக்கு அதிகம் என்கிறது. இந்த இடத்தில் மூக்கை நம்புங்கள். வைட்பேண்ட் சென்சார் பெட்ரோலை நேரடியாக அளப்பதில்லை, புகையில் மிஞ்சும் ஆக்சிஜனைத்தான் பெரிதும் பார்க்கிறது. உங்கள் கேம்களில் இன்டேக் வால்வும் எக்ஸாஸ்ட் வால்வும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் கால அளவு நீண்டது. குறைந்த வேகத்தில் எரிந்த வாயு அந்த இடைவெளி வழியாக மேனிஃபோல்டுக்குள் திரும்பி வந்து புதிய கலவையோடு கலந்துவிடுவதால், சில சுழற்சிகளில் தீப்பொறி விழுந்தும் கலவை பற்றுவதில்லை. அப்படிப் பற்றாமல் வெளியேறும் காற்றின் ஆக்சிஜன் முழுவதும் சென்சாரைத் தொடுகிறது. கூடவே வரும் பெட்ரோல் கணக்கில் சரியாகச் சேர்வதில்லை. எரிபொருளைக் கூட்டினால் இன்னும் அதிக சுழற்சிகள் பற்றாமல் போகும், மீட்டரும் பழைய பாட்டையே பாடும். சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்டில் சிறு கசிவு இருந்தாலும் இதே பொய் எண்தான் வரும், அதையும் பார்த்துவிடுங்கள்.

ஆகவே முதல் வேலையாக, ஐட்லிங் பகுதியில் லாம்டாவை, அதாவது சென்சார் சொல்லும் கலவை அளவை, பார்த்து எரிபொருளைத் திருத்தும் குளோஸ்டு லூப்பை அணைத்துவிடுங்கள். பொய்யான எண்ணைத் துரத்தி இசியு பெட்ரோலைக் கொட்டிக்கொண்டிருக்கும் வரை வேறு எதையும் ட்யூன் செய்து பயனில்லை. பிறகு புகை விட்டுக் கசிவுச் சோதனை செய்யுங்கள். ப்ளோ-ஆஃப் வால்வின் ஸ்பிரிங் தளர்வாக இருந்து ஐட்லிங்கில் திறந்துகொள்கிறதா என்பதையும் கவனியுங்கள். தீப்பொறி விழும் டைமிங்கை ஒரே பாகையில் பூட்டி வைத்து, இசியு சொல்லும் பாகையும் டைமிங் லைட் காட்டும் பாகையும் ஒன்றுதானா என்று ஒப்பிடுவதும் அவசியம்.

பத்துமில்லிசெகண்ட்:

மேலே சொன்னவற்றில் ஒன்றை மட்டும் திருத்துகிறேன். ப்ளோ-ஆஃப் வால்வு த்ராட்டிலுக்கு முன்னால் இருக்கும் பாகம். மாஃப் உள்ள வண்டியில் அது ஐட்லிங்கில் திறந்திருந்தால் அளக்கப்படாத காற்று உள்ளே போய்க் கணக்கைக் கெடுக்கும். மாஃப் இல்லாத இந்த அமைப்பில் எவ்வளவு காற்று உள்ளே போகும் என்பதை த்ராட்டில்தான் தீர்மானிக்கிறது என்பதால், வால்வு திறந்திருப்பதால் மட்டும் ஐட்லிங் கெடாது. ஆனால் அதற்குப் போகும் வேக்குவம் ஹோஸோ உள்ளிருக்கும் டயஃப்ரமோ கசிந்தால் கதை வேறு. இத்தகைய அமைப்பில் மேனிஃபோல்டில் ஏற்படும் கசிவு கலவையைப் பெரிதாக மெலிய வைக்காது; உள்ளே வந்த காற்றையும் அழுத்தமாக அளந்து இசியு அதற்கும் பெட்ரோல் கொடுத்துவிடும், ஐட்லிங் வேகம்தான் உயரும். இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இன்ஜெக்டரைப் பற்றி. ஃபேன் ஓடத் தொடங்கியதும் தடுமாறுகிறது என்கிறீர்கள்; எனக்கு அதுவே பெரிய தடயம். இன்ஜெக்டருக்கு மின்சாரம் போன பிறகு அது உண்மையில் திறப்பதற்குச் சற்று நேரம் பிடிக்கும். டெட் டைம் எனப்படும் இந்தத் தாமதம் 14 வோல்ட்டில் ஏறக்குறைய 1 மில்லிசெகண்ட் இருக்கலாம், மின்னழுத்தம் குறையக் குறைய நீளும். உங்கள் என்ஜினுக்கு ஒரு தோராயக் கணக்கு போடுவோம். மேனிஃபோல்ட் அழுத்தம் 50 கிலோபாஸ்கல் என்று வைத்துக்கொண்டால், ஒரு சிலிண்டருக்கு ஒரு சுழற்சியில் தேவைப்படும் பெட்ரோல் 13 மில்லிகிராம் அளவில் வரும். 1000 சிசி இன்ஜெக்டர் ஒரு மில்லிசெகண்டில் ஏறத்தாழ 12 மில்லிகிராம் பாய்ச்சும். அப்படியென்றால் பெட்ரோல் உண்மையில் பாயும் நேரம் 1 மில்லிசெகண்டைச் சற்றே தாண்டுகிறது, அவ்வளவுதான். டெட் டைம் அட்டவணையில் 0.1 மில்லிசெகண்ட் பிழை இருந்தால் ஐட்லிங்கில் கலவை ஏறக்குறைய 10 சதவீதம் மாறிவிடும். முழு பூஸ்ட்டில் இன்ஜெக்டர் பத்து மில்லிசெகண்டுக்கு மேல் திறந்திருக்கும்போது அதே பிழை ஒரு சதவீதம்கூட இராது. மேலே நன்றாக ஓடி, கீழே தடுமாறும் வண்டிகள் பலவற்றில் காரணம் இதுதான்.

இன்ஜெக்டர் தயாரித்தவர்கள் தரும் அட்டவணையில் உங்கள் எரிபொருள் அழுத்தத்திற்கு உரிய வரிசையை எடுத்து அப்படியே இசியுவில் இடுங்கள். மிகக் குறுகிய பல்ஸ்களுக்கான திருத்த அட்டவணையும் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள், ஏனெனில் அந்த எல்லையில் இன்ஜெக்டர் நேர்விகிதத்தில் பாய்ச்சுவதில்லை. பிறகு விளக்குகளையும் ஃபேனையும் போட்டு அணைத்து, மின்னழுத்தம் ஆடும்போது லாம்டாவும் ஆடுகிறதா என்று இசியு பதிவு செய்யும் லாகில் பாருங்கள். அந்த ஆட்டம் நிற்கும் வரை எரிபொருள் அட்டவணையில் கை வைக்க வேண்டாம்.

திறந்தத்ராட்டில்:

ப்ளோ-ஆஃப் வால்வு பற்றிய திருத்தம் சரியே. கலவையைப் பற்றியும் ஒரு சொல்: கணக்குப்படி சரியான கலவையான 14.7 என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள். இத்தகைய கேம்களுக்கு ஐட்லிங்கில் 13.2 முதல் 13.8 வரை ஓடவிட்டால்தான் பெரும்பாலும் சீராக எரியும். எந்த எண்ணில் மேனிஃபோல்ட் அழுத்தம் மிகக் குறைவாகவும் அசையாமலும் நிற்கிறதோ அதுவே உங்கள் என்ஜினுக்கு உரிய எண்.

இரண்டாம்கியர்:

இருவருக்கும் நன்றி. புகைச் சோதனையில் இன்டேக் மேனிஃபோல்ட் கேஸ்கெட்டின் ஒரு முனையில் கசிவு தெரிந்தது; மாற்றிவிட்டேன். டெட் டைம் அட்டவணையையும் புதிதாக இட்டேன். இப்போது ஃபேன் ஓடினாலும் லாம்டா அசைவதில்லை, நெடியும் பெருமளவு குறைந்துவிட்டது. ஆனால் புதிய சிக்கலாக, முன்பு 1500 வரை ஏறிய வண்டி இப்போது 700க்குக் கீழே இறங்கி அணைய முயல்கிறது. கிளட்சை மிதித்தால் அணைந்துபோகும் பழைய தொல்லையும் நீங்கவில்லை.

நீலச்சுடர்:

இதைச் சரியான திசையில் நடந்த மாற்றமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். என்ஜினுக்குத் தேவையான காற்றில் ஒரு பங்கை அந்தக் கசிவுதான் கொடுத்துக்கொண்டிருந்தது. முன்பு 1500இல் போய் முட்டித் திரும்பியதற்கும் காரணம் உண்டு: த்ராட்டில் மூடியிருக்கையில் வேகம் ஓர் எல்லையைத் தாண்டினால் எரிபொருளை நிறுத்தும் அமைப்பில், அந்த எல்லையை 1500 என்று வைத்திருப்பீர்கள். காற்று மிகுந்து வேகம் ஏறும், எரிபொருள் நிற்கும், வேகம் விழும், எரிபொருள் வரும், மறுபடி ஏறும். ரம்பப் பல் போன்ற இந்த வடிவம் லாகில் தெரிந்தால் இந்த அமைப்பைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அந்த எல்லையை 2000க்கு மேலே கொண்டுபோங்கள். எரிபொருள் மீண்டும் தொடங்கும் வேகமும் ஐட்லிங்கிலிருந்து நன்றாகத் தள்ளியே இருக்கட்டும்.

இனி ஐட்லிங் கட்டுப்பாட்டை முழுவதும் அணைத்துவிட்டு, ஐட்லிங் வால்வை அதன் வீச்சின் மூன்றில் ஒரு பங்கு அளவில் நிறுத்தி வைத்து, த்ராட்டில் ஸ்டாப் ஸ்க்ரூவைத் திருகி இலக்கு வேகத்தைக் கொண்டுவாருங்கள். முடித்ததும் த்ராட்டில் சென்சாரின் பூஜ்ஜிய நிலையை மீண்டும் பதிவு செய்ய மறக்காதீர்கள். மறந்தால் த்ராட்டில் மூடியிருப்பதே இசியுவுக்குத் தெரியாது. இலக்கை 850இல் வைக்கும் ஆசையை விட்டுவிட்டு 1000 என்று வையுங்கள். இந்தக் கேம்களுக்கு அது நியாயமான வேகம்.

வேகத்தைப் பிடித்து நிறுத்தும் வேலையை டைமிங்கிடம் கொடுங்கள். காற்று வால்வு திறந்து, மேனிஃபோல்ட் நிரம்பி, அந்தக் காற்று எரிவதற்குள் பல சுழற்சிகள் கடந்துவிடும். டைமிங் மாற்றமோ அடுத்த பொறியிலேயே பலன் தரும். இலக்கு வேகத்தில் 15 பாகை அளவில் வைத்து, வேகம் 100 ஆர்பிஎம் விழுந்தால் 4 அல்லது 5 பாகை கூடும்படியும், ஏறினால் அதே அளவு குறையும்படியும் அமையுங்கள். எரிபொருள் அட்டவணையில் 600, 800 வரிசைகளை 1000 வரிசைக்குச் சமமாகவோ சற்றே கூடுதலாகவோ நிரப்புங்கள். பலர் அந்த வரிசைகளைத் தொடுவதே இல்லை. வேகம் சற்று விழுந்ததும் கலவை மெலிந்து என்ஜின் குழிக்குள் இறங்கிவிடுகிறது.

கிளட்ச் மிதித்தால் அணைவதில் எடை குறைந்த ஃப்ளைவீலுக்கும் பங்கு உண்டு, ஏனெனில் வேகம் விழும்போது தாங்கிப் பிடிக்க அதில் போதிய நிறை இல்லை. த்ராட்டில் மூடிய பிறகு ஐட்லிங் வால்வு உடனே சுருங்காமல், ஓரிரு நொடிகளில் மெல்ல இறங்கும்படி அமைக்கும் வசதி பெரும்பாலான தனி இசியுக்களில் இருக்கும். அதைப் பயன்படுத்துங்கள்.

இவ்வளவும் முடிந்து, கட்டுப்பாடு இல்லாமலே வண்டி தானாக நின்று ஓடினால் மட்டுமே வேகத்தை இசியு தானே திருத்தும் குளோஸ்டு லூப் ஐட்லிங்கைத் திறந்துவிடுங்கள். அதிலும், பிழை நீடிக்க நீடிக்கத் திருத்தத்தைக் கூட்டும் இன்டெக்ரல் அளவை மிகச் சிறியதாகத் தொடங்குங்கள். அதிகமானால் பழைய அலைபாய்ச்சல் வேறு வடிவில் திரும்பும். ஏசி, பவர் ஸ்டீயரிங் ஆகியவற்றின் சுமையை அந்த லூப் தானே கண்டுபிடித்துச் சரிசெய்யட்டும் என்று விடாமல், சுவிட்ச் போட்டவுடனேயே வால்வு இவ்வளவு திறக்க வேண்டும் என்று தனியாக எண் கொடுத்துவிடுங்கள். இதன் பிறகும் அணைந்தால், அணைவதற்கு முந்தைய சில நொடிகளின் லாகில் ஆர்பிஎம், மேனிஃபோல்ட் அழுத்தம், மின்னழுத்தம், டைமிங், வால்வின் நிலை ஆகிய ஐந்தையும் சேர்த்து இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.