அஞ்செட்டி சாலைக்குக் குட்டி ட்ரெய்லரை இழுத்துப் போகலாமா?

பாறைநிழல்:
மார்கழியில் நான்கு நாள் படம் எடுக்கக் கிளம்புகிறேன். ராயக்கோட்டை, கெலமங்கலம், தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, நாட்றாம்பாளையம் வழியாக ஒகேனக்கல். நெடுஞ்சாலையைத் தொடப்போவதில்லை. காருக்குப் பின்னால் இருவர் படுக்கும் ட்ரெய்லர், 500 கிலோ. பனி விலகும் முதல் அரைமணி நேர வெளிச்சம்தான் எனக்கு வேண்டும். ஓசூரில் அறை எடுத்தால் அது கிடைக்காது. ட்ரெய்லர் என்றால் கதவைத் திறந்ததும் படம்.

ராகிக்கொல்லை:
தம்பி, எனக்கு ஊரே தேன்கனிக்கோட்டைப் பக்கம்தான். ட்ரெய்லரோடு வராதீர்கள். நீங்கள் சொல்லும் மாதத்தில் பெங்களூரு பக்கத்துப் பன்னேர்கட்டா காட்டிலிருந்து யானைகள் ஜவளகிரி வழியாக இறங்கி எங்கள் ராகிக்கு வந்து நிற்கும். ராத்திரி முழுக்கப் பரண் மேல் கண்விழித்துக் கிடக்கிறோம். அஞ்செட்டிப் பக்கக் காடு 2014-இல் அறிவித்த காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயத்தில் வருகிறது. யானை எதிரில் வந்தால், கார் மட்டும் இருந்தால் மெல்லப் பின்னால் எடுத்துவிடலாம். ட்ரெய்லர் இருந்தால்? ஸ்டீயரிங்கை இடதுபக்கம் திருப்பினால் அது வலதுபக்கம் போகும். பதற்றத்தில் குறுக்கே மடங்கிச் சாலையையே அடைத்துவிடும்.

பாறைநிழல்:
அண்ணா, காட்டுக்குள் தங்கப் போவதில்லை. கொல்லைக்காரரிடம் கேட்டுக்கொண்டு ஊரோரமாகத்தான் நிறுத்துவேன். ரிவர்ஸ் எடுக்கவும் நன்றாகப் பழகியிருக்கிறேன்.

தென்பெண்ணை:
நான் ட்ரெய்லர் பக்கம். ஆனால் பாரம் ஏற்றுவதில் கவனம். 500 கிலோ என்றால் ட்ரெய்லரைக் காரோடு மாட்டும் கொக்கியின் மேல் 50 முதல் 75 கிலோ வரை அழுத்த வேண்டும். தண்ணீர் கேனையும் அடுப்பையும் பின்பக்கம் அடுக்கினால் அழுத்தம் குறைந்து, இறக்கத்தில் ட்ரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கும். இறங்கும்போது பிரேக்கை மிதித்தபடியே போகாமல் இரண்டாவது கியரில் இறங்குங்கள். இன்னொன்று, அறுப்புக் காலத்தில் ராகித் தாளையும் கொள்ளுச் செடியையும் சாலையிலேயே பரப்பியிருப்பார்கள். தாள் அச்சில் சுற்றிக்கொள்ளும். அதைத் தாண்டியதும் நிறுத்தி, கீழே குனிந்து பார்த்துவிடுங்கள். சூட்டில் தீப்பிடிக்கும்.

ராகிக்கொல்லை:
ஊரோரம் என்கிறீர்கள். யானைக்குக் காடு எது, கொல்லை எது? ட்ரெய்லரில் அரிசி, வெல்லம், வாழைப்பழம் வைத்திருப்பீர்கள். அந்த வாசனை போதும். சுவர் வைத்த வீட்டையே இடித்துத் தானியத்தை எடுக்கிற யானை, தகரப் பெட்டியை விட்டுவைக்குமா? உள்ளே தூங்குவது நீங்கள். யானை செத்தாலும் ஆள் செத்தாலும் எங்கள் ஊருக்குத்தான் துக்கம். படம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மல்லசந்திரத்துக் கற்திட்டைகளை, அதாவது கற்பலகைகளால் கட்டிய பழங்கால ஈமச்சின்னங்களை, சாயங்கால வெயிலில் எடுத்துப் பாருங்கள், அந்தக் கற்பலகைகளின் நிழல் நீளமாக விழும். அங்கே அவசரமே இல்லை.

பாறைநிழல்:
வெல்லத்தையும் பழத்தையும் நான் நினைத்தே பார்க்கவில்லை அண்ணா. சரி, திட்டத்தை மாற்றுகிறேன். முதல் இரண்டு இரவு ராயக்கோட்டை மலைக்கோட்டைப் பக்கமும் கிருஷ்ணகிரி அணைப் பக்கமும் ட்ரெய்லரில். அதன் பிறகு ட்ரெய்லரை விட்டுவிட்டு, நன்றாக விடிந்ததும் அஞ்செட்டிக்குக் கார் மட்டும். ஆனால் ஒகேனக்கல்லுக்குத் தர்மபுரி, பென்னாகரம் வழியாக ட்ரெய்லரோடுதான் போவேன். அதை விட மனசில்லை.

ராகிக்கொல்லை:
பென்னாகரம் தாண்டினால் அங்கேயும் காடு, வளைந்து வளைந்து இறங்கும் சாலை. ட்ரெய்லரைப் பென்னாகரத்திலேயே நிறுத்துங்கள் தம்பி.

தென்பெண்ணை:
பகலில், இரண்டாவது கியரில் இறங்கலாம். இருட்டுவதற்குள் மேலே ஏறிவிட வேண்டும். இதில் அண்ணாவோடு எனக்கு உடன்பாடு இல்லை.