சிகரெட்டை விட்டதும் பதட்டம் ஜாஸ்தியாகுது, யாருக்காவது இப்படி ஆச்சா?

கேள்வி – ராத்திரி_ஷிஃப்ட்:
நிறுத்தி இன்னும் ஒரு வாரம்கூட ஆகல, நெஞ்சு படபடன்னு அடிக்குது, தூக்கம் வரல, வீட்ல எல்லார் மேலயும் எரிஞ்சு விழறேன். எனக்கு முன்னாடியே பதட்டம் உண்டு. மேனேஜர் கூப்பிட்டாலோ அப்பா போன் பண்ணி கடனைப் பத்தி பேசினாலோ நேரா டீக்கடைக்கு போய் ஒரு தம் போட்டாதான் அடங்கும், இப்ப அது இல்லாம மனசுல கிடந்ததெல்லாம் மொத்தமா மேல வருது. எனக்கு சிகரெட்தான் மருந்தோன்னு பயமா இருக்கு.

கோவை_குமாரு:
மருந்து இல்ல ப்ரோ. ரத்தத்துல நிகோடின் ரெண்டு மணி நேரத்துல பாதியாயிடும், அது குறையக் குறைய உடம்பு பதறும், அடுத்த தம் அந்தப் பதட்டத்தைத்தான் அடக்குது, நாம மேனேஜர் டென்ஷன் போச்சுன்னு நினைச்சுக்கறோம். முதல் மூணு நாள்தான் ரொம்ப கஷ்டம், நாலு வாரத்துக்குள்ள பெரும்பாலும் இறங்கிடும். 2014-ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல 26 ஆய்வுகளை சேர்த்து பார்த்தாங்க, விட்டவங்களுக்கு பதட்டம் முன்ன இருந்ததைவிட குறைஞ்சிருக்கு, மனநல பிரச்சனை உள்ளவங்களுக்கும் அப்படித்தான். அப்புறம் காபி டீயை பாதியாக்குங்க, சிகரெட் புகை உடம்புல காஃபீனை சீக்கிரம் கரைய வைக்கும், விட்டதும் அது நின்னுடும், அதே ரெண்டு கப் குடிச்சாலும் படபடப்பு ஏறும், தூக்கம் கெடும்.

மல்லிகா_திருச்சி:
தம்பி, நீங்க எழுதினதுல எனக்கு அந்த கடன் பேச்சுதான் கண்ணுல பட்டுது. அப்பா போனை வெச்சதும் என்ன வருது, பயமா, கோபமா, அவமானமா? அது என்னன்னு தெரியறதுக்குள்ள கை பாக்கெட்டுக்கு போயிடுது இல்லையா. அடுத்த தடவை போன் வெச்சதும் எழுந்து போகாம அங்கயே உட்காருங்க. தொண்டை அடைக்குதா, வயித்தை பிசையுதா, சும்மா கவனிங்க, விரட்ட வேண்டாம். ஆலன் மார்லட்னு ஒரு அமெரிக்க சைக்காலஜிஸ்ட் இதை அலைமேல சறுக்கற மாதிரின்னு சொன்னார், ஏறும், சில நிமிஷத்துல தானா இறங்கும். என் வீட்டுக்காரர் இப்படித்தான் விட்டார், அந்த நேரத்துல நான் பக்கத்துல பேசாம உட்கார்ந்திருப்பேன், அதுவே அவருக்கு போதும்.

ராத்திரி_ஷிஃப்ட்:
அவமானம்தான் அக்கா. இதுவரை யார்கிட்டயும் சொன்னதில்ல. நிகோடின் கம் வாங்கலாமா, இல்ல அதுவும் இதே பழக்கம் ஆயிடுமா?

கோவை_குமாரு:
வாங்கலாம், ஆனா சூயிங்கம் மாதிரி மென்னுட்டே இருக்காதீங்க, காரம் வந்ததும் கன்னத்துல ஒதுக்கிடுங்க, அது அடங்கினதும் திரும்ப மெல்லுங்க. எத்தனை மில்லிகிராம்னு 1800-11-2356-ல கேளுங்க, அரசாங்க நம்பர், இலவசம், சிகரெட் பாக்கெட் மேலயே போட்டிருப்பாங்க. ஒரு மாசம் கழிச்சும் பதட்டம் இப்படியே இருந்தா மனநல டாக்டரை கண்டிப்பா பாருங்க, அதுக்கு தனியா வைத்தியம் இருக்கு.