ஹிட்டாச்சி 200-க்குப் பழைய மெயின் பம்ப்: எங்கே வாங்கலாம், எப்படிப் பார்த்து வாங்குவது?

ஏரிக்கரை 200 எழுதியது:

வணக்கம். அரூர் பக்கம் சொந்தமாக ஒரு பொக்லைன் வைத்து ஓட்டுகிறேன். டாடா ஹிட்டாச்சி இஎக்ஸ் 200, கம்பெனிக்கு டெல்கான் என்று பெயர் இருந்த காலத்து வண்டி. நான் மூன்றாவது ஓனர். ஏரி தூர் வாருவது, கிணறு வெட்டுவது, மண் ஏற்றுவது என்று எந்த வேலை வந்தாலும் போகும். மணி மீட்டர் 14,000-ல் நின்றுபோனது. அதற்கு மேல் எவ்வளவு ஓடியது என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம்.

பத்து நாளாக ஒரு தொல்லை. காலையில் எடுத்ததும் நன்றாக இருக்கிறது. இரண்டு மணி நேரம் ஓடி எண்ணெய் சூடானால் பூம் என்கிற பெரிய கையைத் தூக்க யோசிக்கிறது, வலது பக்க செயின் இழுக்க மாட்டேன் என்கிறது. நேராக ஓட்டினால் வண்டி ஒரு பக்கமாகத் திரும்புகிறது. எங்கள் ஊர் மெக்கானிக், கையையும் செயினையும் இயக்கும் எண்ணெயை அழுத்தித் தள்ளுகிற பம்ப்பைப் பார்த்துவிட்டு, “மெயின் பம்ப் போச்சு, முழுசா மாத்து” என்று சொல்லிவிட்டார்.

புதுசு விசாரித்தேன், நாலு லட்சத்துக்கு மேல் சொல்கிறார்கள். கோயம்புத்தூர் புரோக்கர் ஒருவர், ஓடிக்கொண்டிருந்த வண்டியில் கழற்றியது, 1,60,000 ரூபாய், பில் கிடையாது, மாட்டி ஏழு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். படம் அனுப்பினார், பளபளவென்று இருக்கிறது. வாங்கலாமா? இல்லை, சென்னை புதுப்பேட்டை போய்த் தேடலாமா? தவணை வேறு நிற்கிறது, அதனால்தான் அவசரம்.

பழைய மெக்கானிக் எழுதியது:

தம்பி, முதலில் புதுப்பேட்டையை மறந்துவிடு. அங்கே கார், பைக் சாமான்தான் மலைபோல் கிடக்கும். ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர் வேண்டுமானால் கிடைக்கலாம். பொக்லைன் பம்ப்புக்காக ரயில் ஏறாதே.

இரண்டாவது, பம்ப் வாங்கவே இன்னும் நேரம் வரவில்லை. உன் வண்டியில் ஒரே கூட்டுக்குள் இரண்டு பம்ப் பக்கம் பக்கமாக இருக்கிறது. ஒன்று ஒரு பக்க டிராவலோடு, அதாவது செயின் ஓட்டத்தோடு, பூமையும் பார்த்துக்கொள்ளும், இன்னொன்று மறு பக்க டிராவலோடு வண்டியின் மேல்பகுதி சுற்றுகிற ஸ்விங்கைப் பார்த்துக்கொள்ளும். நீ சொல்வதைப் பார்த்தால் ஒரு பம்ப் பக்கம்தான் பலவீனம். அதையும் உறுதிப்படுத்து. பம்ப்பிலிருந்து கண்ட்ரோல் வால்வுக்குப் போகும் இரண்டு பெரிய ஓஸையும் (எண்ணெய்க் குழாய்) மாற்றி மாட்டி ஓட்டிப் பார். இன்ஜினை நிறுத்தி, பிரஷர் இறக்கிவிட்டுக் கழற்று. மாட்டியதும் வலது பக்கம் சரியாகி இடது பக்கம் சோர்ந்தால் கோளாறு பம்ப்பில். வலது பக்கமே தொடர்ந்து சோர்ந்தால் பம்ப்பைத் தொடாதே, வால்விலோ டிராவல் மோட்டாரிலோ தேடு. கோளாறு பம்ப் பக்கம் என்று தெரிந்தாலும் எண்ணெய் அளவைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டரை இறக்கிக் கழுவிப் பார்த்த பிறகுதான் பம்ப்பைப் பிரிக்க வேண்டும். அதில் ஒரு துளி அழுக்கு சிக்கினாலே பம்ப் செத்த மாதிரி நடிக்கும்.

மூன்றாவதுதான் முக்கியம். எண்ணெய் டேங்குக்குத் திரும்பும் வழியில் இருக்கிற ரிட்டர்ன் ஃபில்டரைக் கழற்றி, கத்தியால் அறுத்து, தாளை வெயிலில் விரித்துப் பார். தங்கப்பொடி தூவின மாதிரி மின்னினால் பித்தளைத் தூள், உள்ளே தேய்கிறது. காந்தத்தில் ஒட்டுகிற தூள் இருந்தால் பேரிங்கோ கியரோ அடி வாங்கியிருக்கிறது. இரண்டில் எது இருந்தாலும் அந்தத் தூள் டேங்க், எண்ணெயைக் குளிர்விக்கும் கூலர், ஓஸ் எல்லா இடத்திலும் பரவியிருக்கும்.

நான் பட்டதைச் சொல்கிறேன். ஒரு கல் குவாரி வண்டிக்கு இப்படித்தான் பழைய பம்ப் வாங்கி மாட்டினேன். டேங்கைத் துடைத்தேன், எண்ணெய் மாற்றினேன், கூலரை மட்டும் கழற்றவில்லை. ஓனர் அவசரப்படுத்தினார், நானும் சரி என்று விட்டுவிட்டேன். அறுபது மணி நேரம் ஓடியது. பழைய தூள் கூலரிலிருந்து இறங்கி, மாட்டிய பம்ப்பையும் தின்றுவிட்டது. விற்றவரிடம் சண்டைக்குப் போனேன். அவர் ஃபில்டரைக் கொண்டு வா என்றார். கொண்டு போனேன், வாயை மூடிக்கொண்டு திரும்பி வந்தேன்.

இப்போது அந்த 1,60,000 பம்ப். பளபளவென்று இருக்கிறது என்றாயே, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. வண்டியில் கழற்றிய பம்ப் எண்ணெய்ப் பிசுக்கும் மண்ணுமாகத்தான் இருக்கும். புது பெயிண்ட் விரிசலை மறைக்கும், வெல்டிங்கை மறைக்கும். நேரில் போய், பின்பக்க மூடியைத் திறந்து காட்டச் சொல். மாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடு. திறந்தால் சிலிண்டர் பிளாக் உட்காருகிற வால்வு பிளேட்டின் முகத்தில் விரல் நகத்தை வைத்து இழு. நகம் மாட்டினால் கோடு ஆழமாக விழுந்திருக்கிறது, வேண்டாம். பிஸ்டனைப் பிடித்து ஆட்டு, தலைப் பக்கம் லொடலொடவென்று இருந்தால் வேண்டாம். ஷாஃப்ட்டைக் கையால் சுற்று, ஒரே சீராகச் சுற்ற வேண்டும், நடுவில் பிடிக்கக் கூடாது. பம்ப்பின் பெயர் பிளேட்டில் ஹெச்பிவி என்று தொடங்கும் எண்ணை உன் பம்ப்போடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடு. ஷாஃப்ட் முனையில் இருக்கிற ஸ்ப்ளைன் பல்லையும் எண்ணிக்கொள். “எல்லாம் 200-க்கு வரும்” என்பது விற்கிறவர் பேச்சு.

பில் இல்லாமல் வாங்காதே. திருட்டு வண்டியைப் பிரித்து விற்கிற கூட்டம் இருக்கிறது. நாளை யாராவது தேடி வந்தால் புரோக்கர் போனை எடுக்க மாட்டார்.

எதைப் பழசாக வாங்கலாம் என்று பிறகு கேட்பாய், இப்போதே சொல்லிவிடுகிறேன். பக்கெட், பூம், ஸ்டிக், கேபின் கதவு, எடைக்கல், ஹவுசிங் எல்லாம் காயலாங்கடையில் கிலோ கணக்குக்குக் கொஞ்சம் மேலே கொடுத்து வாங்கலாம், வெல்டிங் விட்ட இடத்தை மட்டும் பார். சீல், ஓஸ், பேரிங் மூன்றும் கண்ணை மூடிக்கொண்டு புதுசு. செயின் தேய்ந்தால் உடனே மாற்றாதே, கண்ணிகளைக் கோர்க்கிற பின்னும் புஷ்ஷும் ஒரு பக்கம்தான் தேயும். பிரஸ் வைத்திருக்கிற பட்டறையில் பாதிச் சுற்று திருப்பிப் போட்டால் இன்னும் கொஞ்ச காலம் ஓடும். இன்ஜின் கம்மின்ஸ் 6பிடி என்றால் நீ அதிர்ஷ்டசாலி. அதே குடும்பம் டாடா லாரியிலும் ஓடியது, நாமக்கல், சங்ககிரி பக்கம் லாரி உடைக்கிற இடத்தில் ஹெட், பிளாக், கிராங்க் கிடைக்கும். ஆயில் சம்ப், ஃப்ளைவீல் ஹவுசிங், டீசல் பம்ப் செட்டிங் வேறாக இருக்கலாம். அதனால் இன்ஜின் பிளேட்டில், எந்தச் சாமான் என்று காட்டும் சிபிஎல் என்று போட்டிருக்கும் எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு போ.

நெய்வேலிக்காரன் எழுதியது:

அண்ணன் சொன்னது எல்லாம் சரி. இன்னொரு வழியும் இருக்கிறது. பொதுத்துறை நிறுவனங்கள் இனி உதவாது என்று கண்டம் செய்த வண்டிகளையும் சாமான்களையும் எம்எஸ்டிசி என்கிற மத்திய அரசு நிறுவனத்தின் இணைய ஏலத்தில் விடுகின்றன. பதிவு செய்துகொண்டு முன்வைப்புத் தொகை கட்டினால் யாரும் கேட்கலாம், பில்லும் சுத்தம். ஆனால் இருக்கிற இடத்தில் இருக்கிறபடிதான் தருவார்கள், லாட் லாட்டாகத்தான் தருவார்கள். ஒரு பம்ப்புக்காக முழு வண்டியை வாங்க முடியாது. நாங்கள் நாலு பேர் சேர்ந்து எடுத்துப் பிரித்துக்கொள்கிறோம். பார்வையிடும் நாளைத் தவற விடாதீர்கள், பட்டியலில் வண்டி முழுசாக இருக்கும், நேரில் போனால் பம்ப் இருந்த இடத்தில் ஓட்டை இருக்கும்.

ஷார்ஜா தம்பி எழுதியது:

இங்கே சஜா தொழிற்பேட்டைப் பக்கம் பழைய ஹெவி சாமான் யார்டுகள் நிறைய. பம்ப்பை டெஸ்ட் பெஞ்சில் போட்டுக் காட்டுகிறவர்களும் உண்டு. ஆனால் பெட்டியில் போட்டு அனுப்பிவிடலாம் என்று நினைக்காதீர்கள். புதுப்பித்த ஸ்பேரை இந்தியாவுக்குள் இறக்க, அசல் ஆயுளில் 80 சதவீதமாவது மீதி இருக்கிறது என்று சார்ட்டர்ட் இன்ஜினியர் சான்றிதழ் வேண்டும். ஒற்றை பம்ப்புக்கு அந்த அலைச்சலும் சுங்கமும் சேர்ந்தால் லாபம் கரைந்துவிடும்.

ஏரிக்கரை 200 எழுதியது:

அண்ணே, ஓஸ் மாற்றிப் பார்த்தேன். கோளாறு இடது பக்கம் போய்விட்டது, அப்படியானால் பம்ப்தான். ரெகுலேட்டரைக் கழுவியும் மாற்றம் இல்லை. ஃபில்டரை அறுத்தேன், நீங்கள் சொன்ன தங்கப்பொடி அப்படியே இருந்தது, காந்தத்தில் ஒட்டவில்லை.

கோயம்புத்தூர் போனேன். மூடியைத் திறக்க மாட்டேன் என்றார், வந்துவிட்டேன். வரும் வழியில் சேலத்தில் ஹைட்ராலிக் பட்டறை ஒன்றில், கழற்றி எடுத்துப் போயிருந்த என் பம்ப்பையே பிரித்துப் பார்த்தார்கள். ஒரு பக்க சிலிண்டர் பிளாக்கும் வால்வு பிளேட்டும்தான் போயிருக்கிறது. பேரிங், சீல் கிட் புதுசு, ஒரு பக்க பிளாக் செட் மட்டும் பழசு, அதையும் பிரித்து வைத்து என் நகத்தாலேயே பார்த்துவிட்டேன். கூலியோடு 78,000, பில்லும் உண்டு. கூலரை நாளை கழற்றுகிறேன். ஒன்றே ஒன்று: டேங்கில் எண்ணெய் வாங்கி மூன்று மாதம்தான் ஆகிறது. வடிகட்டி மறுபடியும் ஊற்றலாமா? மனசு கேட்கவில்லை.

பழைய மெக்கானிக் எழுதியது:

ஊற்றாதே. துணியில் வடிகட்டினால் கண்ணுக்குத் தெரிகிற தூள்தான் நிற்கும், பம்ப்பைத் தின்பது கண்ணுக்குத் தெரியாதது. சென்ட்ரிங் பலகைக்குப் பூச மேஸ்திரிமார்கள் கேட்பார்கள், கேனில் பிடித்து வை. கூலரைக் கழற்றியதும் டீசல் விட்டு இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி அடி. வெளியே வருவதை வெள்ளைத் துணியில் பிடித்து, எனக்கு ஒரு படம் போடு.